பிறந்த தேதி குணத்தைச் சொல்லுமா? கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

1987 ஆகஸ்ட் 29 அன்று பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண் கணிதம் பார்ப்பவர் அவரை 2-ஆம் எண்காரர் என்பார்: சந்திரனின் ஆள், கற்பனை அதிகம், மென்மையானவர், மனம் அலைபாயும். அதே மூச்சில் விதி எண் 8 என்பார்: சனியின் பிடி, எதுவும் தாமதமாகத்தான் கைக்கு வரும், கடும் உழைப்பாளி, தனிமை விரும்பி. மேலை நாட்டு ராசிப் பலன் எழுதும் பத்திரிகைக்கு அவர் கன்னி. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அது ஆவணி மாதம், சூரியன் சிம்மத்தில் இருக்கிறது. ஆனால் சோதிடர் கேட்கும் ராசி சூரியன் நின்ற ராசி அல்ல, சந்திரன் நின்ற ராசி. அதைச் சொல்லப் பிறந்த நேரமும் வேண்டும். தேதி மட்டும் போதாது.

ஒரே தேதிக்கு இத்தனை விடைகள். எல்லாம் வெவ்வேறு வழியில் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன என்று சமாதானம் சொல்வதுண்டு. அப்படி இல்லை. எண் கணிதம் பார்ப்பது வானத்தை அல்ல, காலண்டரில் அச்சிட்ட இலக்கங்களை. மேலை ராசி பார்ப்பது, வசந்த கால சம இரவுப் புள்ளியிலிருந்து (மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடம்) சூரியன் எத்தனை பாகை தள்ளி நிற்கிறது என்பதை. நம் சோதிடம் பார்ப்பது, விண்மீன்களின் பின்னணியில் நிலவு நிற்கும் இடத்தை. அளக்கப்படும் பொருளே வேறு. விடைகள் ஒத்துப்போனால் அது தற்செயல். ஒத்துப்போகாவிட்டால் வியக்க ஒன்றுமில்லை. எனவே தேதி குணத்தைச் சொல்லுமா என்று கேட்பதற்கு முன், தேதி என்பது எதனால் ஆனது என்று பார்த்துவிட வேண்டும்.

கூட்டலுக்குள் இருப்பது என்ன

எண் கணிதத்தின் வேலை எளிது. பிறந்த நாளின் இலக்கங்களை ஒற்றை எண் வரும்வரை கூட்டினால் பிறவி எண்: 29 என்றால் 2+9=11, 1+1=2. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் விதி எண்: 2+9+8+1+9+8+7=44, 4+4=8. பெயரை ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துக்கு எழுத்து அட்டவணையில் உள்ள மதிப்பைக் கூட்டினால் பெயர் எண். நம்மிடையே புழங்கும் முறையில் 1 சூரியன், 2 சந்திரன், 3 குரு, 4 ராகு, 5 புதன், 6 சுக்கிரன், 7 கேது, 8 சனி, 9 செவ்வாய்.

கூட்டிக் கூட்டி ஒற்றை எண்ணில் வந்து நிற்பது ஏதோ ரகசியம் திறப்பதுபோல் இருக்கும். உண்மையில் அது 9-ஆல் வகுத்து மீதியை எடுப்பதுதான். மீதி இல்லாவிட்டால் 9. 29-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 2. இதை வைத்தே விதி எண்ணை நொடியில் சரிபார்த்துவிடலாம்: தேதியில் உள்ள 9-களையும், கூட்டினால் 9 வரும் ஜோடிகளையும் அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டினால் போதும். நம் உதாரணத்தில் இரண்டு 9, ஒரு 8+1, ஒரு 2+7 போக எஞ்சுவது 8. ஜோடி தேடச் சோம்பலாக இருந்தால் 9-களை மட்டும் அடித்தாலும் விடை மாறாது.

இந்தக் குறுக்குவழி பலிப்பது நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால். எட்டு எட்டாக எண்ணும் பழக்கம் இருந்திருந்தால், அதே 29 நாள்களை 35 என்று எழுதியிருப்போம் (மூன்று எட்டும் ஐந்தும்). அதன் இலக்கங்களைக் கூட்டினால் எட்டு. அந்த முறையில் எட்டை எழுதுவது 10 என்று. மீண்டும் கூட்டினால் 1. நாள் மாறவில்லை, குழந்தை மாறவில்லை, ஆனால் ஆள் சந்திரனிடமிருந்து சூரியனிடம் போய்விட்டார். எண்ணிக்கை இயற்கையில் இருக்கிறது. இலக்கம் எழுதும் முறையில் இருக்கிறது. எண் கணிதம் கூட்டுவது இலக்கத்தை.

நடைமுறையில் கணக்கு இடறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, 11, 22, 33 ஆகியவற்றைத் தலைமை எண்கள் என்று குறைக்காமல் விடும் முறை. 1991 செப்டம்பர் 9 என்ற தேதியைப் பாருங்கள். எல்லா இலக்கங்களையும் ஒன்றாகக் கூட்டினால் 9+9+1+9+9+1=38, அது 11; தலைமை எண், அபூர்வ உள்ளுணர்வு என்று எழுதுவார்கள். நாளையும் மாதத்தையும் ஆண்டையும் தனித்தனியே சுருக்கிப் பிறகு கூட்டினால் 9+9+2=20, அது 2; சாதாரண 2. இரண்டு வழியையும் இரண்டு பள்ளிகள் சரி என்கின்றன. ஒற்றை எண் வரை இறங்கினால் எல்லா வழியும் ஒரே இடத்தில்தான் சேரும். பாதியில் நிறுத்த அனுமதித்ததும் வழிக்கு ஒரு விடை வந்துவிடுகிறது.

இரண்டாவது, நாள் எப்போது தொடங்குகிறது என்பது. அரசுப் பதிவேட்டில் நள்ளிரவு. பஞ்சாங்கத்தில் சூரிய உதயம். யூத, இஸ்லாமிய நாள்காட்டிகளில் சூரிய அஸ்தமனம். அதிகாலை 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் 5-ஆம் தேதி என்று சொல்லும். உதயக் கணக்கில் அது இன்னும் 4-ஆம் தேதி. 5 புதன், 4 ராகு. எது என்று கேட்டால் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் பதில் மாறும்.

மூன்றாவது இடறல் பெரிது: எந்தக் காலண்டர்? நம் 1987 ஆகஸ்ட் 29 இந்திய தேசிய நாட்காட்டியான சக ஆண்டில் 1909 பாத்ரபதம் 7. பிறவி எண் 7, மாதம் 6, மொத்தம் 7+6+1+9+0+9=32, விதி எண் 5. அதாவது 2-க்கும் 8-க்கும் பதில் 7-ம் 5-ம். சந்திரனும் சனியும் விலகிக் கேதுவும் புதனும் வந்து உட்கார்ந்துவிட்டன. கிறிஸ்துவ ஆண்டுக் கணக்கு 525-இல் டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி, ஈஸ்டர் பண்டிகைக்கான தேதிகளை வகுக்கும்போது ஏற்படுத்தியது. அவர் ஓராண்டு முன்பின் கணக்கிட்டிருந்தால் இன்று உயிரோடு இருக்கும் அத்தனை பேரின் விதி எண்ணும் ஓர் எண் நகர்ந்திருக்கும்.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது அவர் ஊர்க் காலண்டரில் அது 1731 பிப்ரவரி 11. அன்றைய பிரிட்டிஷ் வழக்கப்படி புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். 1752-இல் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் முறைக்கு மாறின. செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. வாஷிங்டனின் பிறந்த நாள் 1732 பிப்ரவரி 22 ஆயிற்று. பிறவி எண் 2 என்றிருந்தது 4 ஆனது. விதி எண் 7 என்றிருந்தது 1 ஆனது. அப்போது அவருக்கு வயது 20. நாடாளுமன்றச் சட்டம் ஒன்று ஓர் இளைஞரை ஒரே இரவில் கேதுவிடமிருந்து பிடுங்கிச் சூரியனிடம் ஒப்படைத்தது என்றுதான் எண் கணிதம் சொல்லியாக வேண்டும்.

எண்காரர்கள் எத்தனை பேர்

'பெரிய தலைவர்களில் பலர் 1-ஆம் எண்காரர்கள்' என்ற வாக்கியம் எண் கணிதப் புத்தகங்களில் அடிக்கடி தலைகாட்டும். பட்டியலைப் பார்த்தால் உண்மைபோலவே இருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது மாதத்தின் அமைப்பை. 1, 10, 19, 28 என 1-ஆம் எண்ணுக்கு எல்லா மாதத்திலும் நான்கு நாள்கள், ஆண்டுக்கு 48. 2-க்கும் 3-க்கும் 47, 47. 4-க்கு 43, ஏனென்றால் 31-ஆம் தேதி ஏழு மாதங்களில்தான் வரும். 5 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் 36 நாள்கள் மட்டுமே. மொத்தம் 365. ஆக 8-ஆம் எண்காரர் மூன்று பேர் இருக்கும் இடத்தில் 1-ஆம் எண்காரர் நான்கு பேர் இருப்பார்கள். தலைவர்களில் மட்டுமல்ல, தையற்காரர்களில், திருடர்களில், பல் மருத்துவர்களில் எடுத்தாலும் அப்படித்தான். எந்தப் பட்டியலைக் காட்டினாலும் முதலில் இந்த 48-க்கு 36 என்ற விகிதத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

பாபிலோனின் பெயரில்

பெயர் எண்ணுக்கு நம்மிடையே பரவலாகப் பயன்படும் எழுத்து அட்டவணை 'சால்டியன் முறை' எனப்படுகிறது; பண்டைய பாபிலோனியர் கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. இதை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் கீரோ என்ற பெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் வில்லியம் ஜான் வார்னர் (1866–1936). அவர் 4-ஆம் எண்ணுக்கு யுரேனசையும் 7-ஆம் எண்ணுக்கு நெப்டியூனையும் கொடுத்தார். யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1781-இல், நெப்டியூன் 1846-இல். இரண்டும் பாபிலோனியர் கோளாக அறியாதவை. இந்திய வழக்கில் அந்த இரண்டு இடங்களிலும் ராகுவும் கேதுவும் அமர்ந்துகொண்டன. பலன் வாசகங்கள் பெரிதாக மாறவில்லை. பாபிலோனியர் களிமண் பலகையில் ஆப்பு வடிவ எழுத்தில் எழுதியவர்கள், அறுபதின் அடுக்கில் கணக்குப் போட்டவர்கள். அவர்கள் ஆங்கில அகரவரிசைக்கு மதிப்புப் போட்டிருக்க வழியில்லை. ஐ, ஜே என்ற இரண்டு எழுத்துகளும் அச்சுக் காலத்தில்தான் தனித்தனியே பிரிந்தன.

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டுவதும் யோசிக்க வேண்டியதுதான். 'ழ'வை ஒருவர் ஒற்றை எழுத்தாகவும் இன்னொருவர் இரண்டு எழுத்தாகவும் எழுதுவார், எண் மாறிவிடும். கூப்பிடும் ஒலி ஒன்றுதான்.

எண்களின் குணமும் ஊருக்கு ஊர் ஒன்றல்ல. நம்மிடம் 8 என்றால் சனி. 8, 17, 26 தேதிகளில் பிறந்தவர்கள் சிறுவயது முதல் 'கஷ்டப்பட்டுத்தான் முன்னுக்கு வருவாய்' என்று கேட்டே வளர்கிறார்கள். சீனாவில் 8 என்ற சொல்லின் ஒலி செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால் அது மிகவும் விரும்பப்படும் எண். பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழா 8-8-2008 இரவு 8 மணிக்கு வைக்கப்பட்டது. அங்கே அஞ்சப்படுவது 4, சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒப்புமை இருப்பதால். எண் ஒன்றேதான், ஒரு மொழியில் கோளை வைத்து அஞ்சுகிறார்கள், இன்னொரு மொழியில் ஒலியை வைத்து மகிழ்கிறார்கள்.

சூரியன் நிற்கும் இடம்

ராசிக்கு வந்தால், இங்கே குறைந்தபட்சம் வானத்தில் ஒரு பொருள் இருக்கிறது. சூரியன் ஓராண்டில் சுற்றிவருவதாகத் தெரியும் 360 பாகைப் பாதையைப் பன்னிரண்டு சமத் துண்டாக வெட்டினால் துண்டுக்கு 30 பாகை. எங்கிருந்து வெட்டத் தொடங்குவது என்பதில்தான் சண்டை. மேலை முறை மார்ச் சம இரவுப் புள்ளியிலிருந்து தொடங்குகிறது. இந்திய முறை விண்மீன்களை ஆதாரமாக வைத்துத் தொடங்குகிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தள்ளாடுவதால் சம இரவுப் புள்ளி சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்னோக்கி நகர்கிறது. இன்று இரண்டு முறைகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ 24 பாகை. இதைத்தான் அயனாம்சம் என்கிறோம். அதனால் மேலை முறையில் மார்ச் 21-ஐ ஒட்டித் தொடங்கும் மேஷம், நமக்கு ஏப்ரல் 14-ஐ ஒட்டித் தொடங்குகிறது. இரண்டு முறையிலும் ஒரே ராசியில் விழுவோர் ஐந்தில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஒரு முறை ஒன்றைச் சொன்னால் மற்றது முந்தைய ராசியைச் சொல்லும். பலன் வாசகங்கள் மட்டும் இரண்டிலும் அந்தந்தப் பெயருக்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன: சிம்மம் என்றால் கம்பீரம், கன்னி என்றால் துல்லியம்.

பதின்மூன்றாவது ராசி இருக்கிறது என்ற பரபரப்பு அவ்வப்போது கிளம்பும். நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை சூரியன் ஓபியூக்கஸ் என்னும் விண்மீன் கூட்டத்தின் எல்லைக்குள் நிற்பது உண்மை. விருச்சிகக் கூட்டத்தின் எல்லையில் ஒரு வாரம்தான் நிற்கிறது, கன்னிக் கூட்டத்தில் ஆறு வாரத்துக்கு மேல். ஆனால் இது சோதிடத்துக்கு எதிரான நல்ல வாதம் அல்ல. ராசி என்பது சமத் துண்டு, விண்மீன் கூட்டம் அல்ல என்று சோதிடர் சொல்லிவிடுவார், அது நியாயமான பதில்தான். அதைவிடக் கடினமான கேள்வி தென் கோளத்தவருடையது. மேலை மேஷத்தின் துடிப்பும் புதுத் தொடக்கமும் வசந்தத்தின் தொடக்கத்தை வைத்து விளக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் அப்போது இலையுதிர் காலம்.

ராசிகளின் எல்லைத் தேதியில் பிறந்தவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆண்டு என்பது சரியாக 365 நாள் இல்லை. கிட்டத்தட்ட கால் நாள் கூடுதல். அதனால் சூரியன் ராசி மாறும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்து, லீப் ஆண்டில் திரும்பி வருகிறது. அட்டவணையில் அச்சிட்ட தேதிகள் ஒரு நாள் முன்பின்னாகவே இருக்கும். எல்லையில் பிறந்தவருக்கு இரண்டு ராசியின் குணமும் கலந்திருக்கும் என்பது கணக்கில் இல்லாத சலுகை. ஒரு கணத்தில் சூரியன் ஏதாவது ஒரு துண்டில்தான் நிற்க முடியும்.

சூரிய ராசிப் பலன் இவ்வளவு பரவியதற்குக் காரணம் வசதிதான். பழைய சோதிடத்தில் லக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எழும் ராசி, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். சந்திரன் ஒரு ராசியில் இரண்டே கால் நாள் தங்கும். ஒரு நட்சத்திரத்தை, அதாவது 13 பாகை 20 கலையை, ஒரு நாளுக்குச் சற்று மேல் எடுத்துக் கடக்கும். நட்சத்திரத்தின் கால் பகுதியான பாதம் ஆறு மணி நேரத்தில் மாறும். இதற்கெல்லாம் நேரமும் இடமும் வேண்டும். பத்திரிகை வாசகருக்குத் தெரிந்தது தேதி மட்டும். 1930 ஆகஸ்டில் லண்டன் 'சண்டே எக்ஸ்பிரஸ்' இதழில் ஆர். எச். நெய்லர், புதிதாகப் பிறந்த இளவரசி மார்கரெட்டின் சாதகத்தை எழுதினார். வரவேற்பு பெருகவே அது தொடரானது. அதே பத்தாண்டில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு பத்தி என்ற வடிவம் நிலைபெற்றது. உலகத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துக் குணம் சொல்லும் இன்றைய பழக்கத்தின் வயது நூறைத் தொடவில்லை.

ஏன் 'அப்படியே என்னைச் சொல்லுகிறது'

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் 'உங்களுக்கான' அறிக்கை என்று ஒன்றைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் கேட்டார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே அறிக்கை. கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்த வாக்கியங்கள். மற்றவர்கள் தம்மை விரும்ப வேண்டும் என்ற ஆசை, தன்னையே குறைசொல்லும் பழக்கம், பயன்படுத்தாமல் கிடக்கும் திறமை: இவை யாரிடம் இல்லை?

பிரான்சில் மிஷேல் கோக்லான் இதைவிடக் கொடூரமாக விளையாடினார். இலவச சாதகம் என்று விளம்பரம் செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சாதகப் பலனை அனுப்பினார். பதில் எழுதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தம்மைச் சரியாகச் சொல்கிறது என்றார்கள். அந்தச் சாதகம் பல கொலைகளுக்காக 1946-இல் தலை வெட்டப்பட்ட மருத்துவர் மார்செல் பெத்தியோவினுடையது.

பலன் வாசகத்தைக் கட்டும் உத்திகள் மூன்று நான்குதான். இரட்டைப் பக்க வாக்கியம்: 'பழகினால் கலகலப்பானவர், ஆனால் தனிமையும் வேண்டும்.' பாராட்டோடு பூசிய குறை: 'எல்லோரையும் நம்பி ஏமாறுவார்.' அளவில்லாத சொல்: 'சில சமயம்', 'பொதுவாக'. நான்காவது தப்பிக்கும் கதவு. பிறவி எண் பொருந்தாவிட்டால் விதி எண். அதுவும் பொருந்தாவிட்டால் பெயர் எண். மூன்றுக்கும் ஒன்பது வாய்ப்பு என்றால் சேர்க்கைகள் 729. 'எட்டின் கெட்ட பக்கம் உங்களிடம் வேலை செய்யவில்லை' என்ற வாக்கியம் இருக்கும்வரை எந்த மனிதரும் எண்ணுக்குப் பொருந்தாமல் போக முடியாது.

இன்னொரு காரணம் நுட்பமானது. 1978-இல் மேயோ, வைட், ஐசெங்க் ஆகியோர் 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆளுமை வினாத்தாள் கொடுத்து ஆராய்ந்தபோது, மேஷம், மிதுனம் முதலான ஒற்றைப்படை ராசிக்காரர்கள் சற்றுக் கூடுதலாக வெளிமுகமாகவும் ரிஷபம், கடகம் முதலான இரட்டைப்படை ராசிக்காரர்கள் உள்முகமாகவும் தெரிந்தார்கள். சோதிடம் சொன்னபடியே. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் சோதிடத்தில் ஆர்வமுள்ளவர்கள். தம் ராசிக்கு என்ன குணம் என்று அறியாதவர்களிடமும் குழந்தைகளிடமும் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. வானம் குணத்தை உண்டாக்கவில்லை. படித்தது சுயவிவரத்தை மாற்றியது. இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் அல்ல. 'நீ சனி எண், உனக்குத் தாமதம்தான்' என்று ஐந்து வயதிலிருந்து கேட்ட பிள்ளை வினாத்தாளை எப்படி நிரப்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

முழுச் சாதகத்தையும் சோதித்திருக்கிறார்கள். ஷான் கார்ல்சன் 1985-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனையில் 28 சோதிடர்களுக்கு ஒரு சாதகமும் மூன்று ஆளுமைத் தேர்வு முடிவுகளும் கொடுக்கப்பட்டன. எது இவருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாகும். பாதியாவது சரியாகச் சொல்வோம் என்பது சோதிடர்களின் எதிர்பார்ப்பு. கிடைத்தது மூன்றில் ஒன்றை ஒட்டியே. ஆனால் அதே சோதனையில் மக்களும் தங்கள் ஆளுமைத் தேர்வு முடிவைத் தாங்களே அடையாளம் காணத் திணறினார்கள். சோதனை முறையில் குறை கண்டவர்களும் உண்டு.

பெரிய எண்ணிக்கையில் தேடினால் ஏதாவது ஒட்டும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு வேண்டுமென்றே காட்டியது. 1 கோடிக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியில் ராசிக்கும் நோய்க்கும் தொடர்பு தேடினார்கள். ஒவ்வொரு ராசிக்கும் ஏதாவது நோய் 'ஒட்டியது'. இரண்டாம் பாதியில் சரிபார்த்தபோது தப்பியவை இரண்டே: சிம்மத்துக்குக் குடல் ரத்தக் கசிவு, தனுசுக்கு மேல்கை எலும்பு முறிவு. எத்தனை முறை தேடினோம் என்பதற்கான திருத்தத்தைப் போட்டதும் அவையும் மறைந்தன.

தேதி உண்மையில் வேலை செய்யும் இடங்கள்

இதை வைத்துப் பிறந்த தேதிக்கு வாழ்க்கையில் எந்த வேலையும் இல்லை என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. தேதி வேலை செய்கிறது, கோள் வழியாக அல்ல, சேர்க்கை விதி வழியாக.

கனடாவில் சிறுவர் ஐஸ் ஹாக்கி அணிகளை ஜனவரி 1-ஐ எல்லையாக வைத்துப் பிரிப்பார்கள். ரோஜர் பார்ன்ஸ்லியும் சக ஆய்வாளர்களும் 1985-இல் காட்டியது: மேல்மட்ட வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதி, இறுதி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவு. ஒரே அணியில் ஜனவரிப் பையனுக்கும் டிசம்பர்ப் பையனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வயது இடைவெளி; பத்து வயதில் அது உயரத்திலும் பலத்திலும் தெரியும். பெரியவன் தேர்வாவான், கூடுதல் பயிற்சி கிடைக்கும், வித்தியாசம் வளரும். இது ராசியால் அல்ல என்பதற்குக் கால்பந்து நல்ல சான்று. இளையோர் கால்பந்தில் வயது எல்லை 1997-இல் ஆகஸ்ட் 1-இலிருந்து ஜனவரி 1-க்கு மாற்றப்பட்டது. பெல்ஜியத்தில் தேர்வான சிறுவர்களின் பிறந்த மாதங்களும் கூடவே நகர்ந்தன. விதி மாறினால் 'அதிர்ஷ்ட மாதம்' மாறுகிறது.

வகுப்பறையிலும் இதே கதை. செப்டம்பர் 1-ஐ எல்லையாக வைத்த அமெரிக்க மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் குழந்தைகளுக்கு, மூத்தவர்களான செப்டம்பர் குழந்தைகளைவிட 34 சதவீதம் கூடுதலாகக் கவனக்குறைவு–மிகை இயக்கக் கோளாறு என்று முத்திரை குத்தப்படுவதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐந்து வயதுக் குழந்தையை ஆறு வயதுக் குழந்தையோடு உட்கார வைத்து ஒப்பிட்டால் துறுதுறுப்பு நோயாகத் தெரியும். பிள்ளையின் 'குணம்' பற்றிப் பள்ளியிலிருந்து புகார் வந்தால், எந்த எண்ணில் பிறந்தது என்று பார்ப்பதைவிட வகுப்பில் எத்தனையாவது இளைய பிள்ளை என்று பார்ப்பது உபயோகமான காரியம்.

பருவத்துக்கும் சிறு பங்கு உண்டு. வட கோளத்தில் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் பிறந்தவர்களிடம் மனச்சிதைவு நோய் 5 முதல் 8 சதவீதம் கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த நோய் வரும் வாய்ப்பே சுமார் நூற்றில் ஒன்று. அதன்மேல்தான் இந்தச் சதவீதம். தாயின் கர்ப்ப காலத் தொற்று, சூரிய ஒளி போன்றவை சந்தேகிக்கப்படும் காரணங்கள். தனி மனிதரின் குணத்தைச் சொல்ல இதனால் ஒரு பயனும் இல்லை.

நம்பிக்கை தானே விளைவை உண்டாக்கிய மிகப் பெரிய உதாரணம் ஜப்பான். அறுபது ஆண்டுச் சுழற்சியில் வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறந்த பெண்கள் அடங்காதவர்கள், கணவனின் ஆயுளைக் குறைப்பவர்கள் என்று அங்கே நம்பிக்கை. 1966 அப்படிப்பட்ட ஆண்டு. 1965-இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்புகள் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 13.6 லட்சமாகச் சரிந்து, மறு ஆண்டே மீண்டன. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குழந்தைகள் ஒரு காலண்டர் குறியீட்டுக்காகப் பிறக்காமல் போயின.

பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். மேலை முறையில் எல்லோரும் மீனம். அவர்கள் வாழ்க்கை எப்படிப் பிரிந்தது என்று விளக்க ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பிடித்தது பெற்றோரின் வருவாய், குழந்தைப் பருவ உடல்நலம், படிப்பு ஆகியவற்றை.

நீங்களே சோதித்துப் பார்க்க

ஒன்பது எண்களின் பலன்களையும் ஒரே புத்தகத்திலிருந்து எடுங்கள். எண், கோள், தேதி, அதிர்ஷ்ட நிறம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் குண வாக்கியங்களை மட்டும் ஒரே நீளத்துக்கு வெட்டி, சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். தம் பிறவி எண்ணின் பலன் என்னவென்று அறியாத 45 பேரைப் பிடித்து, தமக்கு மிகவும் பொருந்தும் ஒரு சீட்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். குத்துமதிப்பாக எடுத்தாலே 5 பேருக்குச் சரியாக அமையும். 7, 8 வந்தால் துள்ள வேண்டாம், அது சாதாரண ஏற்ற இறக்கம். 10 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவது நூறு முறைக்கு இரண்டு மூன்று முறைதான். வந்தால் புதிய 45 பேரிடம் மறுபடி செய்ய வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஆளைப் பிடிக்கும்போது 'எனக்கு இதில் நம்பிக்கை இல்லை' என்பவரும் தன் எண்ணின் பலனை எங்கேயோ கேட்டிருப்பார். அதை முன்கூட்டியே விசாரித்து அவரை விலக்க வேண்டும். சீட்டில் 'உழைத்து மெல்ல உயர்வார்' போன்ற வாக்கியம் எட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய வாக்கியங்களை முதலிலேயே அடித்துவிட வேண்டும். மூன்றாவதுதான் பெரும்பாலும் சோதனையைக் கவிழ்ப்பது: முடிவு வந்த பிறகு 'இவருக்குப் பிறவி எண் பொருந்தவில்லை, விதி எண் பொருந்துகிறது, அதையும் சேர்த்துக்கொள்வோம்' என்று எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவது. இரண்டு எண்களுக்கு இடம் கொடுத்தால் குருட்டாம்போக்கில் கிடைப்பதே 5-இலிருந்து பத்தை நெருங்கிவிடும். எதைச் சரி என்று எண்ணப்போகிறோம் என்பதைச் சீட்டைக் குலுக்குவதற்கு முன்பே தாளில் எழுதி, கூட இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.